மதுரைப் பக்கம் சாவுக்கென்று கடை எப்போது வந்தது?

நீங்கள் கேட்டது இது: அமெரிக்காவில் நீங்கள் இருக்கும் சிற்றூரில் ஒரே குடும்பம் நான்கு தலைமுறையாக ‘ஃப்யூனரல் ஹோம்’ நடத்துகிறது, ஆரம்பித்த வருஷத்தை வாசல் போர்டிலேயே போட்டிருக்கிறார்கள். நம் மதுரைப் பக்கத்துச் சின்ன ஊர்களில் அப்படி ஒரு குடும்பத் தொழில் உண்டா, உண்டென்றால் அதன் வரலாறு என்ன, அப்படி ஒரு போர்டை ஏன் எங்கேயும் பார்த்ததில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதற்குள்ளேயே இன்னொரு கேள்வி இருக்கிறது. எழவு வீட்டு வேலையை நம் ஊரில் முன்னால் யார் செய்தார்கள், அது எப்போது காசு கொடுத்து வாங்கும் காரியமாயிற்று என்பது. நான் சோழவந்தான் பக்கம் அப்படியொரு கடை வைத்திருக்கிறேன். தாத்தா, அப்பா, நான் என்று மூன்றாவது கை. அப்பா 1974லிருந்து எழுதிய கணக்கு நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் இருப்பதை உறுதியாகச் சொல்வேன். அதற்கு முந்தையது வாய்வழியாகக் கேட்டது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ‘ஹோம்’ என்ற சொல்லைக் கழற்றி வைத்துவிடலாம். உங்கள் ஊரில் இந்தத் தொழில் பெரும்பாலும் தச்சுப் பட்டறையில் பிறந்தது. கட்டில், நாற்காலி செய்தவர் சவப்பெட்டியும் செய்தார். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் செத்த சிப்பாய்களைத் தொலைதூரத்துச் சொந்த ஊருக்கு அனுப்ப வேண்டியிருந்ததால் உடலில் மருந்து ஏற்றிப் பதப்படுத்தும் வழக்கம் பரவியது. லிங்கனின் உடலை அப்படித்தான் ரயிலில் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள். 1882ல் தொழில்காரர்களுக்குத் தேசிய அளவில் சங்கமே வந்துவிட்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, உடல் வீட்டுக் கூடத்தை விட்டுத் தொழில்காரரின் கட்டடத்துக்குப் போயிற்று. நம் பக்கம் இந்தக் கதையின் முன்பாதி மட்டும் நடந்தது. தச்சர் பெட்டிக்காரர் ஆனார், பின்பாதி நடக்கவில்லை. இங்கே சாமான்தான் வீட்டுக்குப் போகிறது, உடல் கடைக்கு வருவதில்லை. எங்கள் கடையில் இன்றுவரை ஒரு உடல்கூட ஒரு ராத்திரி தங்கியதில்லை.

கடை என்று ஒன்று வருவதற்கு முன்னால் என்ன இருந்தது என்றால், எல்லாமே இருந்தது, விலை மட்டும் இல்லை. பள்ளிவாசலில் சந்தூக்கு இருக்கும். கத்தோலிக்கக் கோயிலில் தூம்பா இருக்கும். போர்த்துகீசியப் பேச்சிலிருந்து வந்த சொல் அது. இரண்டும் ஊருக்குப் பொதுப் பெட்டி. சுமந்துபோய் உடலை இறக்கிவிட்டுப் பெட்டி திரும்பி வந்துவிடும். மற்றவர்களுக்குப் பச்சை மூங்கிலும் தென்னங்கீற்றும் வைக்கோல் பிரியும் போதும், வாசலிலேயே பாடை கட்டி முடித்துவிடுவார்கள். கேதம், அதாவது சாவுச் சேதி, சொல்லிப் போக ஓர் ஆள், சங்கு ஊத ஓர் ஆள், மாத்துத் துணி விரிக்க ஓர் ஆள், பறை அடிக்க, குழி வெட்ட, மூட்டம் போட என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பம் சாதி வழியாக ஒதுக்கப்பட்டிருந்தது. கூலி என்று கையில் எதுவும் தருவதில்லை. அறுப்புக் காலத்தில் களத்து நெல்லில் ஒரு பங்கு. அந்தப் பங்குக்குப் பெயர் ‘சுதந்திரம்’. வர மாட்டேன் என்று சொல்ல முடியாதவனுக்கு அளந்துபோட்ட நெல்லுக்கு இப்படி ஒரு பெயர்! யோசித்தால் வயிறு எரிகிறது.

எங்கள் தாத்தா ஆசாரி. ஏர், கட்டில், கதவு நிலை செய்தவர். 1950களின் நடுவில் சவப்பெட்டி செய்யத் தொடங்கினார் என்று வீட்டில் சொல்வார்கள். மதுரையில் 1834லிருந்து அமெரிக்க மிஷன் இருந்ததால் சுற்றுப்பட்டு ஊர்களில் மிஷன் பள்ளி வாத்தியார் வீடுகள் இருந்தன. ஆளுக்கொரு பெட்டி கேட்டவர்கள் அவர்கள்தான். மாம்பலகை, வெளியே கறுப்புத் துணி, உள்ளே வெள்ளைத் துணி, மூடிமேல் ஒரு மரச்சிலுவை. தாத்தா அளவெடுக்க டேப் கொண்டுபோக மாட்டாராம். டேப்பைப் பார்த்ததும் பெண்கள் அழுகை கூடிவிடும் என்று ஒரு சணல் நூலை மடியில் வைத்துக்கொண்டு போவார். துக்கம் விசாரிக்கிற மாதிரி கால்மாட்டில் உட்கார்ந்து, நூலின் ஒரு முனையைக் கால் கட்டைவிரல் பக்கம் மிதித்துக்கொண்டு, எழுந்திருக்கும்போது தலைமாட்டில் ஒரு முடிச்சு. தோளுக்கு இன்னொரு முடிச்சு. பட்டறைக்கு வந்து நூலைப் பலகைமேல் நீட்டினால் நாலு விரற்கடை கூட்டி அறுப்பார். ஒரே நூல்தான், முடிச்சை அவிழ்த்து அவிழ்த்து அது பஞ்சாகிப் போயிருந்தது. அதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் வருஷத்துக்கு ஏழெட்டுப் பெட்டி விற்று எந்தக் குடும்பமும் பிழைக்காது. அப்பா அதைச் சீக்கிரம் புரிந்துகொண்டார். 1974 நோட்டின் முதல் பக்கத்திலேயே பந்தல் தட்டி, பெஞ்சு, பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகை இருக்கிறது. கல்யாணத்துக்கும் அதே சாமான், கேதத்துக்கும் அதே சாமான். நோட்டில் செத்தவர் பெயரை அப்பா எழுதவே மாட்டார். ‘மேலத்தெரு வேப்பமரத்து வீடு, 2 பார், 40 சேர்’ என்று இருக்கும். பார் என்றால் ஐஸ் பார். ஐஸ் ஃபேக்டரியிலிருந்து மரத்தூளும் சாக்கும் சுற்றி வண்டியில் ஏற்றி வர வேண்டும், ஒன்றைத் தூக்க இரண்டு ஆள். பலகைக்கு அடியிலும் பக்கத்திலும் அடுக்கி, உருகும் தண்ணீர் வாசலுக்கு ஓடச் சரிவு கொடுப்பார்கள். ஐஸ் கேட்பவர்கள் எல்லாம் ஒரே ரகம். பிள்ளை பம்பாயிலோ மிலிட்டரியிலோ இருப்பான். தந்தி போய், அவன் ரயில் பிடித்து வர வேண்டும். பிள்ளைகள் எல்லாம் உள்ளூரில் இருந்த வீட்டுக்கு ஐஸ் தேவையே இல்லை. காலையில் போன உயிருக்குச் சாயங்காலம் நெய்ப்பந்தம் பிடித்துவிடுவார்கள். ஆக எங்கள் தொழில் வளர்ந்தது சாவு கூடியதால் இல்லை. உயிர் போன நேரத்துக்கும் கொள்ளி வைக்கிற நேரத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி நீண்டது, அந்த இடைவெளியில் கடை உட்கார்ந்துகொண்டது. இதை நோட்டை வைத்தே காட்ட முடியும். எண்பதுகளில் ஒரு பார், இரண்டு பார். தொண்ணூறுகளில் வளைகுடாவுக்கு ஆள் போகத் தொடங்கியபின் நாலு, ஐந்து.

1987ல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கடைப் பழக்கத்தையே அது மாற்றியது. பக்கத்து ஊரில் ஒரு பெண், கல்யாணமாகி நாலு வருஷம். வயிற்றுவலியில் போய்விட்டாள் என்று ஐஸ் கேட்டு வந்தார்கள், அப்பா அனுப்பினார். மறுநாள் பெண் வீட்டார் புகார் கொடுக்க, அப்பாவை இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். ‘எதற்கு இத்தனை அவசரமாக ஐஸ்? உனக்குத் தெரியாதா?’ என்று அதையே திருப்பித் திருப்பி. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. 1983லேயே சட்டம் திருத்தப்பட்டு, கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ, சாவில் சந்தேகம் என்று சொந்தக்காரர் கேட்டாலோ பிரேதப் பரிசோதனை வேண்டும் என்று ஆகியிருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174வது பிரிவு அது, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 194. அன்றிலிருந்து எங்கள் கடையில் மூன்று கேள்வி. வயசு என்ன, டாக்டர் பார்த்தாரா, விழுந்தோ அடிபட்டோ பூச்சிமருந்து குடித்தோ போனதா? மூன்றாவதற்குப் பதில் இழுத்தால் பெட்டி நகராது. முதலில் ஸ்டேஷன், அப்புறம் மதுரை ராஜாஜி மருத்துவமனை, அங்கிருந்து உடல் வந்தபின்தான் நாங்கள். இதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன். பரவாயில்லை.

குளிர்சாதனப் பெட்டி எங்கள் ஊருக்கு 2003ல் வந்தது. வாங்கியது நான்தான், அப்பாவுக்கு இஷ்டமில்லை. ‘பிரீசர்’ என்று பெயரே தவிர அது உறைய வைப்பதில்லை, குளிரில் வைத்திருக்கும், அவ்வளவுதான். கால்மாட்டில் கம்ப்ரஸர், மேலே கண்ணாடி மூடி, உள்ளே எவர்சில்வர் தட்டு. சித்திரை, வைகாசியில் கூட்டம் சுற்றி நின்று அழும்போது மூடியில் வேர்த்துக்கொண்டே இருக்கும். அதைத் துடைக்க வீட்டில் ஒரு ஆள் தானாகவே அமைந்துவிடும், பெரும்பாலும் பேத்திமாரில் ஒருத்தி. அழாமல் துண்டை வைத்துத் துடைத்துக்கொண்டே இருக்கும் பிள்ளையை ஒவ்வொரு வீட்டிலும் பார்க்கிறேன். கரண்ட் போய் வந்தால் உடனே போடக் கூடாது, சில நிமிஷம் விட்டுத்தான் கம்ப்ரஸரை ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் எரிந்துவிடும். 2012ல் நம் பக்கம் நாளில் பாதி நேரம் கரண்ட் கிடையாது. அந்த வருஷம் பெட்டி வாடகையைவிட ஜெனரேட்டர் டீசலுக்குக் கொடுத்தது அதிகம். இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. பெட்டி முழுக்க இரும்பு, தரை முழுக்க, உடலைக் குளிப்பாட்ட எடுத்துவந்த நீர்மாலைத் தண்ணீர், எல்லோரும் வெறுங்காலில் நின்று பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். பழைய வீடுகளில் பிளக்கில் எர்த் இருக்காது. அதனால் பெட்டியை இறக்கியதும் நான் செய்கிற முதல் வேலை, கொல்லையில் ஈர மண்ணாகப் பார்த்து ஒரு இரும்புக் கம்பியை அடித்து வயர் இழுப்பதுதான். பிறகு டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, என் புறங்கையால் ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் வீட்டாரைக் கிட்டே விடுவேன். உங்கள் அப்பா அம்மா ஊரில் இருந்தால், நாளைக்கு எந்தக் கடைக்காரர் பெட்டி கொண்டுவந்தாலும் இதைக் கேளுங்கள்.

இந்தக் கடைகள் பெருகியதே பிரீசர் பெட்டியால்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். பாதிதான் சரி. மீதிப் பாதி வேலைக்கு ‘ஆள் கிடைக்காமல்’ போனது. ஊர்ப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், ஆள் கிடைக்கவில்லையென்று. அந்த வேலைகளைச் செய்துவந்தவர்களின் தெருவில் போய்க் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்: மாட்டோம் என்று சொன்னோம். பிள்ளைகள் படித்தார்கள், திருப்பூருக்குப் போனார்கள், பறையைக் கீழே வைத்தார்கள். எங்கள் நோட்டில் ‘குழி வெட்ட கூலி’ என்று ரூபாயில் முதல் பதிவு 1989ல் வருகிறது. அதற்கு முன்னால் அந்த வேலைக்குக் கணக்கே கிடையாது. இன்றைக்குப் பாடைக்குப் பதில் பூப்பல்லக்கு, பறைக்குப் பதில் காசு பேசி வரும் வாடிப்பட்டி மேளம், கேதம் சொல்ல வாட்ஸ்அப், கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர். போஸ்டர் விஷயத்தில் மதுரைக்காரனை யாரும் அடிக்க முடியாது, குளிப்பாட்டுவதற்குள் சுவரில் ஏறிவிடும். எல்லாம் காசுக்கு வந்தபின் சாதி போய்விட்டதா என்றால், இல்லை. சுடுகாடும் அதற்குப் போகிற பாதையும் பல ஊர்களில் இன்னும் தனித்தனி. என்னிடமே கேட்பார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு: “அண்ணே, இந்தப் பெட்டியில இதுக்கு முந்தி யாரை வச்சீங்க?” நான் “நல்லா கழுவித்தான் கொண்டாந்திருக்கேன்” என்பதோடு நிறுத்திக்கொள்வேன். ஒருவர் விடாமல் கேட்டார். இறக்கிய பெட்டியைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னேன். அதற்குள் அவருடைய அக்கா வந்து, “எங்க அம்மாவ வெயில்ல போட்டுட்டு என்னடா பேச்சு?” என்று ஒரு சத்தம் போட்டதும் பெட்டி உள்ளே போயிற்று.

வண்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 108 ஆம்புலன்ஸ் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும். அரசு ஆஸ்பத்திரியில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி இருக்கிறது, அதை யாரிடமும் காசு கொடுத்து வாங்காதீர்கள். எங்கள் கடை வண்டி பெரும்பாலும் வீட்டிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும், சில சமயம் தத்தனேரி மயானம் வரைக்கும் போகும். அங்கே தகன மேடைக்குப் போவதென்றால் நெஞ்சில் பேஸ்மேக்கர் உண்டா என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், சூட்டில் அந்த பேட்டரி வெடிக்கும். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், கிராமத்தில் விஏஓவிடம், பேரூராட்சியென்றால் அந்த அலுவலகத்தில். வீட்டில் இறந்தவருக்குக் கடைசியாகப் பார்த்த டாக்டரிடம் காரணச் சான்று வாங்கிவைப்பது நல்லது. அமெரிக்காவிலிருந்தோ துபாயிலிருந்தோ உடல் வருவதானால் இறப்புச் சான்று, பதப்படுத்திய சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட், இந்தியத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று, இந்த நாலும் இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அப்படி வரும் உடலுக்குத்தான் எங்கள் ஆட்கள் ஏர்போர்ட் வாசலில் நிற்பார்கள். அந்தப் பெட்டியைத் திறக்கிற வேலை பற்றி இங்கே எழுத விருப்பமில்லை.

2020, 2021 பற்றியும் சிலர் கேட்பார்கள். 20 பேருக்குமேல் கூடக் கூடாதென்று உத்தரவு. கொரோனாவில் போனவர்களை வீட்டுக்கே விடவில்லை, பைக்குள் வைத்துக் கட்டி நேராக மயானம். அதுவரை பெட்டியும் சேரும் பந்தலும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த தொழிலில் போவதற்கு வீடே இல்லாமல் போயிற்று. 2021 மே மாதம் எங்கள் சேர்கள் எல்லாம் கடையில் அடுக்கியபடியே கிடந்தன. சாவு கூடினால் இவர்களுக்குக் கொண்டாட்டம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கடைசியாக அந்தப் போர்டு. உங்கள் ஊரில் வருஷத்தைப் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். இங்கே அப்படியொரு போர்டை நீங்கள் பார்க்காததற்குக் காரணம் தொழில் புதிது என்பது இல்லை. பெரும்பாலான குடும்பங்கள் அதை வெளியே சொல்வதில்லை. என் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது இரண்டு இடம் ‘எழவுக்கடைக்காரன் வீடு’ என்று தட்டிப்போயிற்று. அப்பா சவப்பெட்டி என்று எழுதியிருந்த தகரத்தைக் கழற்றிவிட்டு ‘பந்தல் சாமான்கள் வாடகைக்கு’ என்று மாட்டினார், மூன்றாவது இடம் முடிந்தது. அரசாங்கமும் ஏறக்குறைய அதே மாதிரிதான். 2017ல் ஜிஎஸ்டி வந்தபோது ஆடிட்டரிடம் போனேன். அவர் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைத் திறந்து காட்டினார். இறுதிச்சடங்கு, அடக்கம், தகனம், பிணவறை, இறந்தவரைக் கொண்டுபோவது எல்லாம் சரக்கு வழங்கலும் இல்லை, சேவை வழங்கலும் இல்லை, அதனால் வரியும் இல்லை. “அண்ணே, சட்டப்படி நீங்க ஒண்ணுமே செய்யலை” என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆகவே தம்பி, நம் பக்கத்துச் சின்ன ஊர் எதிலாவது இந்தக் குடும்பங்களைத் தேடிப் பார்க்க வேண்டுமென்றால் ‘அமரர் சேவை’ போர்டை மட்டும் தேடாதீர்கள், அவர்கள் பாதிப்பேர் புதியவர்கள். பழைய பந்தல் கடைகளின் போர்டைப் பாருங்கள். எங்களுடையதில் இன்றும் பந்தல், சேர், பாத்திரம், லைட் என்றுதான் இருக்கிறது. ஓரத்தில் கீழே, சின்ன எழுத்தில் ‘24 மணி நேரமும்’ என்று ஒரு வரி. கல்யாண வீட்டுக்காரர் யாரும் நடுராத்திரி இரண்டு மணிக்குச் சேர் கேட்டு வந்து கதவைத் தட்டுவதில்லை.